ஹெரால்டு மார்க் 3: வளைவில் வால் வெளியே போகிறது, பின் சஸ்பென்ஷனை மாற்றலாமா?

அடையாறு69

வணக்கம். என் வண்டி 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு. வண்டலூர் பேக்டரியிலிருந்து வந்தது, அப்பா வாங்கியது. அவர் போன பிறகு பத்து வருஷம் ஷெட்டில் நின்றது. எஞ்சின், பிரேக், வயரிங் எல்லாம் பார்த்து இரண்டு வருஷத்துக்கு முன் ஓட வைத்தேன்.

போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆரில் தனியாகப் போனேன். முட்டுக்காடு தாண்டி ஒரு வளைவு. வேகம் 60 இருக்கும். ஒரு நாய் குறுக்கே வந்தது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டியின் பின்பக்கத்தை யாரோ தூக்கியது போல இருந்தது, அடுத்த நொடி வால் வெளியே போய்விட்டது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை, அதனால் தப்பித்தேன். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், பின்சக்கரம் இரண்டும் மேலே விரிந்து, கீழே உள்ளுக்குள் வாங்கி நிற்கின்றன. கொஞ்சம் உருட்டிய பிறகுதான் ஓரளவு நிமிர்ந்தன.

அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று வண்டி நிறைய ஆட்களோடு போகும்போது இப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை. தனியாகப் போனால்தான்.

ஒரு பட்டறையில் காட்டியபோது, ‘சுவிங் ஆக்சிலை (இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) வெட்டி எடுத்துவிட்டு வேறு வண்டியின் ஒற்றை ஆக்சிலை (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்ப்பது) வெல்டு பண்ணிக் கொடுக்கிறேன்’ என்றார்கள். இன்னொரு இடத்தில் இன்னும் கெட்டியான ஷாக் (குலுக்கலைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) போடச் சொன்னார்கள். கையில் 60 ஆயிரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்? பயத்தோடு இந்த வண்டியை ஓட்ட மனசு வரவில்லை.

கஸல்72

சார், முதலில் நீங்கள் பத்திரமாக இருப்பதில் சந்தோஷம்.

என் ஓட்டு ஒற்றை ஆக்சிலுக்குத்தான். 1972-இல் ஹெரால்டுக்கு அடுத்து ஸ்டாண்டர்டின் கஸல் கார் வந்தபோது கம்பெனியே ஹெரால்டின் சுவிங் ஆக்சிலை எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சில் போட்டது. என் கஸலில் வளைவில் காலை எடுத்தாலும் சரி, பிரேக் பிடித்தாலும் சரி, வால் வெளியே போனதில்லை. கம்பெனி செய்ததையே நீங்களும் செய்யலாமே?

ராயப்பேட்டை பட்டறை

தம்பி, வெட்டுவதற்கு முன் நாலு கேள்வி.

பின் ஷாக் என்ன போட்டிருக்கிறீர்கள்? ஹெரால்டுக்கு உரியதா, வேறு வண்டியுடையதா? பின் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) யாராவது கை வைத்தார்களா? டயரில் காற்று எவ்வளவு? டயர் என்ன அளவு?

வண்டி நிறைய ஆள் இருந்தால் ஒழுங்காக ஓடுகிறது, தனியாகப் போனால் வால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அந்த ஒரு வரி போதும். இது டிசைன் கோளாறு மட்டும் இல்லை. வண்டியின் பின்பக்கம் இருக்க வேண்டியதைவிட உயரமாக இருக்கிறது.

அடையாறு69

ஐயா, பதில்:

பின் ஷாக் போன வருஷம் மாற்றியது. ஹெரால்டு ஷாக் கிடைக்கவில்லை என்று, கண்ணும் (மாட்டுகிற துளை) புஷ்ஷும் (அதற்குள் இருக்கிற ரப்பர் வளையம்) பொருந்துகிற வேறு ஒரு காரின் ஷாக்கைப் போட்டார்கள். நன்றாக உட்கார்ந்தது என்றார்கள்.

பட்டை: வேளச்சேரி ஸ்பீடு பிரேக்கர்களில் சைலன்சர் இடித்துக்கொண்டே இருந்தது. அதனால் ஷாக் மாற்றும்போதே ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து வண்டியைத் தூக்கினார்கள். இப்போது எங்கேயும் இடிப்பதில்லை.

காற்று நாலு சக்கரத்துக்கும் 32. பங்க்சர் கடையில் எல்லாக் காருக்கும் அடிப்பதுதான். டயர் 155/80 ஆர்13, ரேடியல்.

ராயப்பேட்டை பட்டறை

நினைத்தது சரி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஹெரால்டு வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஹெரால்டின் பின்பக்கத்தில் டிஃப்ரென்ஷியல் (எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) போல்ட் போட்டு நிற்கிறது. அது மேலேயும் கீழேயும் போகாது. அதன் தலைமேல் ஒரே ஒரு பட்டைக்கட்டு, வண்டிக்குக் குறுக்கே, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை. பின்சீட்டை எடுத்துவிட்டு மூடியைக் கழற்றினால் பட்டையின் நடுப்பாகம் தெரியும். ஒவ்வொரு பக்கத்து ஆக்சில் ராடுக்கும் டிஃப்ரென்ஷியல் ஓரத்தில் ஒரே ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் (சுழன்றுகொண்டே வளைந்துகொடுக்கும் மூட்டு). சக்கரம் பக்கத்தில் ஜாயின்ட் கிடையாது. அதனால் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ஒற்றை ஜாயின்ட்டைச் சுற்றிக் கதவு திறப்பது போல வளைந்துதான் போகும். ஏறினால் மேல்பக்கம் உள்ளே சாயும். இறங்கினால் கீழ்ப்பக்கம் உள்ளே மடங்கும்.

இப்போது உங்கள் வளைவைப் பாருங்கள். வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை உள்ளே தள்ளுகிறது. ராடு ஏற்கெனவே டிஃப்ரென்ஷியலிலிருந்து கீழே சரிந்த கோணத்தில் இருந்தால், அந்தத் தள்ளுதலே வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கும். காலை எடுத்ததும் பாரம் முன்னால் போகிறது, பின்பக்கம் இன்னும் எழும்புகிறது. எழும்ப எழும்பச் சக்கரம் மடங்குகிறது. டயர் தன் ஓரத்தில் நிற்கிறது. பிடிப்பு போச்சு. ‘யாரோ தூக்கியது போல’ என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான்.

வண்டி நிறைய ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கி ராடு மட்டமாகிவிடும். சக்கரம் நேராக நிற்கும். அதனால்தான் குடும்பத்தோடு போகும்போது ஒன்றும் ஆகவில்லை.

கூடுதல் பட்டை போட்டு வண்டியைத் தூக்கியதால், தூக்கும்போதே சக்கரத்தையும் மடக்கிவிட்டார்கள். ஒற்றை ஆக்சில் வண்டியில் பட்டை சேர்த்தால் உயரம் மட்டும்தான் மாறும். இதில் சக்கரத்தின் கோணமும் சேர்ந்து மாறும். அம்பாசிடர், பியட் பார்த்துப் பழகிய கைக்கு இது சட்டென்று தோன்றாது.

அடுத்தது ஷாக். ஹெரால்டு பின்பக்கத்தில் சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதை நிறுத்தி வைப்பதே ஷாக்தான். ஷாக்கின் முழு நீளம் எங்கே முடிகிறதோ அங்கே சக்கரம் நிற்கும். ஒரு அங்குலம் நீளமான ஷாக் போட்டால் சக்கரம் அந்த அளவுக்கு இன்னும் மடங்க இடம் கிடைக்கும்.

காற்று: இந்த வண்டிக்கு முன்னால் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் வைக்க வேண்டும். நாலுக்கும் ஒரே அளவு வைத்தால் முன்சக்கரம் நன்றாகப் பிடித்துத் திருப்ப, பின்சக்கரம் முதலில் விட்டுவிடும். நான் ரேடியலுக்கு முன்னால் 22, பின்னால் 26 வைக்கிறேன். இன்றைக்கே பெட்ரோல் பங்க் போய் இதை மாற்றுங்கள், காசு கிடையாது.

வண்டியை வெட்டாதீர்கள். உங்களைப் பயமுறுத்தியது போன வருஷம் செய்த ‘அப்கிரேடு’.

கஸல்72

ஐயா, விளக்கம் மிக நன்றாக இருந்தது, ஏற்கிறேன். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் சுவிங் ஆக்சிலுக்கு அந்தக் குணம் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டை முதலில் உருவாக்கிய டிரையம்ப் கம்பெனி இதே அமைப்பை ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்துக்கொண்டு பிறகு அவர்களே திருத்தினார்கள். ஹெரால்டு சரியாகத்தான் இருந்தது என்றால் எதற்குத் திருத்தம்?

ராயப்பேட்டை பட்டறை

உண்மைதான், மறுக்கவில்லை. குணம் இருக்கிறது. ஆனால் சரியான உயரம், சரியான ஷாக், சரியான காற்று இருந்தால் அந்தக் குணம் தலைகாட்ட நல்ல வேகம் வேண்டும். இவருக்கு 60-லேயே வந்திருக்கிறது.

பல்லாவரம் பத்மினி

என்னிடம் இருப்பது பத்மினி, ஹெரால்டு இல்லை. இருந்தாலும் படித்ததும் பதறிப்போய் எழுதுகிறேன். என் வண்டியிலும் பின்னால் ஒரு பட்டை சேர்த்தார்கள். ஒற்றை ஆக்சில் என்பதால் சக்கரம் மடங்கவில்லை. ஆனால் தனியாகப் போனால் எலும்பெல்லாம் ஆடுகிறது. சென்னையில் ஸ்பீடு பிரேக்கருக்குப் பயந்து நாம் எல்லாரும் செய்கிற முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். சைலன்சரை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினாலே பாதி இடி போய்விடும். நான் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன்.

கிண்டி எஸ்டேட்

நான் கிண்டியில் லேத் பட்டறை நடத்துகிறேன். எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளந்து எழுதி வையுங்கள். வீட்டிலேயே செய்யலாம்.

சமதளத்தில் நிறுத்துங்கள். ஜாக்கி போட்டு இறக்கிய உடனே அளக்கக்கூடாது. ஹெரால்டு சக்கரம் மடங்கியபடியே நிற்கும், பத்தடி முன்னும் பின்னும் உருட்டினால்தான் உட்காரும். கொத்தனாரிடம் இருக்கிற தூக்குக்குண்டை வாங்கிச் சக்கரத்துக்கு வெளிப்பக்கம் தொங்கவிடுங்கள். ரிம்மின் மேல்விளிம்பை நூல் தொடுகிறபடி வைத்துக் கீழ்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். 13 அங்குல ரிம்மில் சுமார் 6 மில்லிமீட்டர் என்றால் 1 டிகிரி. டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு ஒருவரை உட்கார வைத்து ஒரு தடவை, காலி வண்டியில் ஒரு தடவை.

ஷாக்கையும் கழற்றி முழுசாக இழுத்து, கண்ணுக்குக் கண் அளந்து சொல்லுங்கள். கழற்றும்போது ஜாக்கிரதை. ஷாக்கை எடுத்தால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, பிரேக் ஹோஸ்தான் இழுபடும். கீழே ஒரு கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

அடையாறு69

அளந்துவிட்டேன். மகள் நூலைப் பிடித்தாள், நான் ஸ்கேல் வைத்தேன்.

காலி வண்டியில் இடது பின் 31 மி.மீ., வலது பின் 29. மைத்துனரை டிரைவர் சீட்டில் உட்கார வைத்த பிறகு 27, 24. அதாவது தனியாக ஓட்டும்போதே 4 டிகிரியும் அதற்கு மேலும் கீழே மடங்கி நிற்கிறது. முட்டுக்காட்டில் அது இன்னும் எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் துழாவினேன், பழைய ஷாக் ஒன்று துருப்பிடித்துக் கிடைத்தது. போன வருஷம் போட்டதையும் அதையும் தரையில் பக்கத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். புதுசு 32 மி.மீ. நீளம்.

ராயப்பேட்டை பட்டறை

அப்போ சந்தேகமே இல்லை. அந்தப் பழைய ஷாக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அளவுக்கு அதுதான் சாட்சி.

இன்னொரு விஷயம், இதை அவசரமாகப் படியுங்கள். பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது என்றால் முன்னால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முன்சக்கரத்தின் கீழ் ட்ரன்னியன் எப்போது கழற்றிப் பார்த்தது? அதற்குள் போடுவது ஆயிலா, கிரீஸா?

அடையாறு69

கிரீஸ்தான் ஐயா. கிரீஸ் நிப்பிள் இருந்தது, அதனால் கிரீஸ் அடித்தார்கள்.

ராயப்பேட்டை பட்டறை

அதைக் கழற்றிப் பார்க்கும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஹெரால்டின் முன்சக்கரம் நிற்பது ஒரு இரும்புத் தண்டின் மேல், வெர்டிகல் லிங்க் என்பார்கள். அதன் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு பித்தளை நிறத்து ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் எதிரெதிர், மாற்றிப் போட முடியாது. அதற்குள் போக வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அடித்தால் மேலேயே கெட்டியாக நின்றுவிடும், கீழே மரைக்குள் இறங்காது. மழைத்தண்ணீர் இறங்கும். துரு மரையின் வேரில் கடிக்கும். ஒரு நாள் பார்க்கிங்கில் மெதுவாக ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். பார்க்கிங்கில் முறிந்தால் அது தெய்வச் செயல். ஓட்டத்தில் முறிந்தால்?

மயிலை மைனர்

ஐயா, ஒரு மாற்றுக்கருத்து. என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் ஹெரால்டுக்குக் கிரீஸ்தான். ஆயில் போட்டால் இரண்டு நாளில் தரையில் ஒழுகிவிடுகிறது. ஒழுகிப்போன ஆயிலைவிட உள்ளே நிற்கிற கிரீஸ் மேல் இல்லையா?

கிண்டி எஸ்டேட்

இரண்டு நாளில் ஒழுகுகிறது என்றால் ட்ரன்னியனின் அடியில் இருக்கிற மூடி போயிருக்கிறது, அல்லது மேலே உள்ள சீல் போயிருக்கிறது. அதைச் சரிசெய்தால் ஆயில் நிற்கும். கொஞ்சமாகக் கசிவது நல்லதே, உள்ளே ஆயில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கிரீஸ் கன்னையே சுத்தமாகக் கழுவி, ஆயில் நிரப்பி அடிக்கலாம். மழைக்கு முன் ஒரு தடவை, பொங்கலுக்குள் ஒரு தடவை. நீங்களும் ஒரு பக்கத்தையாவது கழற்றிப் பார்த்துவிடுங்கள் மைனர், இதில் வாதத்தைவிட மரையைக் கண்ணால் பார்ப்பது நல்லது.

அடையாறு69

இன்றைக்கு முழுக்க ஷெட்டில்தான். எழுதியே ஆகவேண்டும்.

வலது பக்க ட்ரன்னியனைத் திருகிக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. நாலு சுற்று சுலபமாக வந்தது. அப்புறம் நறநறவென்று ஒரு சத்தம், ஈரமணலில் ஸ்பூனைத் திருப்புவது போல. வெளியே வந்ததும் உள்ளே பார்த்தால், மேலே கிரீஸ் மெழுகு மாதிரி மஞ்சளாகக் காய்ந்து ஒரு மூடி போட்டிருந்தது. அதன் கீழே ஒரு துளி ஈரம் கிடையாது, காவிப்பொடி மட்டும். விரலைவிட்டு எடுத்தால் விரல் செம்மண்ணில் தொட்டது போல ஆனது. தண்டை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்தேன். மரையின் கடைசி மூன்று சுற்றுகளில் ஊசியால் குத்தியது போலக் குழிகள். ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு முடி மாதிரி ஒரு கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன், போகவில்லை.

அந்தத் தண்டின் மேல்தான் பிள்ளைகளை மகாபலிபுரம் வரை கூட்டிப்போனேன்.

ஐயா, நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் இதைக் கழற்றியே இருக்க மாட்டேன். நன்றி என்று சொன்னால் போதாது.

ராயப்பேட்டை பட்டறை

தம்பி, அந்தக் கோடு வெடிப்பு. அதை யாருக்கும் கொடுக்காதீர்கள், உதிரியாக வைக்கவும் வேண்டாம். வெட்டிப் பழைய இரும்பில் போடுங்கள். இடது பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். வெர்டிகல் லிங்க், ட்ரன்னியன், நைலான் புஷ் எல்லாம் டிரையம்ப் வண்டிகளுக்காக இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். புதுப்பேட்டையில் தேடினால் பழையது கிடைக்கலாம், ஆனால் இந்த ஒரு சாமானில் பழையது வாங்கவேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. உங்கள் 60 ஆயிரத்தில் முதல் செலவு இது.

நங்கநல்லூர் வாசன்

சட்டப் பக்கமும் ஒரு வார்த்தை, வெல்டிங் யோசனை இன்னும் மனசில் இருந்தால் உதவும். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. 50 வருஷம் தாண்டிய வண்டி, அசல் வடிவில் இருக்கவேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. அப்படி இருந்தால் நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர் என்று எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு இல்லை. அதனால் எல்லாருக்கும் இந்தப் பதிவு பொருந்தாது.

ஆனால் 1969 வண்டியின் சேசிஸை வெட்டி வேறு ஆக்சிலை வெல்டு செய்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். சாதாரணப் பதிவிலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஷாக், பட்டை, புஷ் மாற்றுவதை நான் பராமரிப்பாகத்தான் பார்க்கிறேன்.

கஸல்72

இதைப் படித்த பிறகு என் முதல் யோசனையை வாபஸ் வாங்குகிறேன் சார். கஸலின் சேசிஸில் ஒற்றை ஆக்சிலுக்கு வேண்டிய பிராக்கெட்டெல்லாம் கம்பெனியே அமைத்துக் கொடுத்தது. அதை வெல்டிங்கில் கொண்டுவருவதும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் கஸல் வளைவில் ஹெரால்டைவிட நிம்மதி என்ற கருத்தில் நான் மாறவில்லை!

கிண்டி எஸ்டேட்

பட்டை விஷயத்துக்கு வருகிறேன். கூடுதல் பட்டையை எடுத்தால் மட்டும் போதாது. ஒரு வருஷமாக அந்தக் கட்டு மொத்தமும் வேறு வளைவில் இருந்திருக்கிறது. கட்டைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் முனையிலும் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பட்டைகளுக்கு நடுவே துருவைச் சுரண்டி கிராஃபைட் கிரீஸ் பூசி மறுபடி கட்டுங்கள். வளைவு சரியில்லை என்றால் ஸ்பிரிங் பட்டறையில் உலையில் வைத்து வளைத்து முறையாக டெம்பர் செய்து தரச் சொல்லுங்கள். சம்மட்டியால் பச்சையாகத் தட்டி வளைத்தால் ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், சில சமயம் முறிந்தும் போகும்.

கூடவே இன்னொன்று. ரேடியஸ் ஆர்ம், சக்கரத்திலிருந்து முன்னோக்கிப் போகிற கம்பி. அது சேசிஸில் சேருகிற இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். அடையாறு, பெசன்ட் நகர் வண்டிகளில் உப்புக்காற்றில் அந்த இடம் காகிதமாகியிருக்கும். அது ஆடினால் பின்சக்கரமே ஸ்டீரிங் பிடிக்க ஆரம்பிக்கும். அங்கே பிராக்கெட்டுக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் இருந்தால் எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வையுங்கள். பின்சக்கரத்தின் டோ அளவு (சக்கரம் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அதில்தான் இருக்கிறது.

பல்லாவரம் பத்மினி

ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரிதேன் (ஒரு வகைக் கெட்டியான பிளாஸ்டிக்) புஷ் போடலாமா? நிறையப் பேர் அதுதான் அப்கிரேடு என்கிறார்கள்.

கிண்டி எஸ்டேட்

என் அனுபவத்தில் நம்ம ரோட்டுக்கு ரப்பர்தான். பாலி புஷ் கெட்டி, ஸ்டீரிங் கச்சிதமாக இருக்கும், உண்மை. ஆனால் மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் ஒவ்வொரு குழியும் நேராகச் சேசிஸுக்குப் போகும். 55 வருஷத்துச் சேசிஸ் அது. ஸ்டீரிங் ரேக்கைப் பிடிக்கிற புஷ் மட்டும் வேண்டுமானால் பாலி போடலாம், அங்கே பலன் தெரியும்.

மயிலை மைனர்

என் வண்டியின் இடது பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். குழி இல்லை, ஆனால் கீழ் மரை காய்ந்துதான் கிடந்தது. ஆயிலுக்கு மாறிவிட்டேன். அடி மூடி போயிருந்தது, நீங்கள் சொன்னதேதான்.

அடையாறு69

ஏழு வாரம் கழித்து வருகிறேன். சாமான் வர ஒரு மாதம், கஸ்டம்ஸில் பத்து நாள்.

முன்னால் இரண்டு பக்கமும் புது வெர்டிகல் லிங்க், ட்ரன்னியன், புஷ். 90 நம்பர் ஆயில். முன் காயில் ஸ்பிரிங்கைத் தொடவில்லை, உயரம் சரியாகவே இருந்தது. பின்னால் கூடுதல் பட்டை போய்விட்டது. மீதிப் பட்டைகளை உலையில் வைத்து வளைவு சரிசெய்தார்கள். ஷாக் ஹெரால்டின் நீளத்துக்கே வந்தது. ரேடியஸ் ஆர்ம் இடம் இடது பக்கம் பொத்தல், வெட்டி ஒட்டினோம். சைலன்சரை முக்கால் அங்குலம் ஏற்றிக் கட்டினேன், அந்த யோசனைக்குப் பத்மினிக்கு நன்றி. மொத்தம் 71 ஆயிரம் ஆனது.

அளவு: காலி வண்டியில் 8 மி.மீ., 7 மி.மீ. நான் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் 3-க்குள்.

ராயப்பேட்டை பட்டறை

பிரமாதம். அளவே சொல்கிறது. இப்போது ஓட்டுங்கள். முதலில் காலியான இடத்தில், மெதுவாக.

ஓ.எம்.ஆர். இளைஞன்

என்னிடமும் ஹெரால்டு இருக்கிறது, இவ்வளவு நாள் படித்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரிசெய்த பிறகு மேற்கொண்டு ஏதாவது செய்யலாமா? சுவிங் ஸ்பிரிங், பின்பக்கம் ஒரு அங்குலம் இறக்குகிற பிளாக் என்றெல்லாம் படிக்கிறேன்.

ராயப்பேட்டை பட்டறை

செய்யலாம் தம்பி, ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யவேண்டும்.

சுவிங் ஸ்பிரிங் என்பது ஸ்பிட்ஃபயர் மார்க் 4-இல் டிரையம்ப் செய்த திருத்தம். பட்டைக்கட்டில் ஒரு பட்டையை மட்டும் டிஃப்ரென்ஷியல் மேல் இறுக்கி, மற்றதை நடுவில் தராசு மாதிரி ஆட விட்டார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் எல்லாப் பட்டையும் தாங்கும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த மற்றப் பட்டைகள் தராசு போலத் திரும்பிக்கொடுக்கும், எதிர்க்காது. அதனால் வளைவில் பின்பக்கம் மேலே தூக்கப்படுவது குறைகிறது. ஆனால் சாய்வைத் தாங்கும் வேலை முன்பக்கத்துக்குப் போய்விடுகிறது. அதற்காகவே டிரையம்ப் முன்னால் ஆன்டி ரோல் பாரை (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி) தடிமனாக்கினார்கள். பட்டையை மட்டும் மாற்றி முன்பார் மாற்றாமல் விட்டால் வண்டி படகு மாதிரி சாயும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வேலை.

பிளாக் மலிவு, ராடு மட்டமாகும், வளைவில் பலன் கண்கூடு. ஆனால் ஹெரால்டின் அடியில் ஏற்கெனவே இடம் அதிகம் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை மழைத்தண்ணீரில் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஈ.சி.ஆர். மட்டும் போகிறவர் என்றால் அரை அங்குலம் முயலலாம்.

அடையாறு69

இன்று காலை போய்விட்டு வந்தேன். தனியாக.

முதலில் திருவான்மியூர் பக்கம் காலியான ஒரு மைதானத்தில் வட்டமடித்தேன், 30, 35. காலை எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஸ்டீரிங் முதல் தடவையாகத் தானாக நேருக்கு வந்தது. இவ்வளவு நாள் அது வரவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பா இந்த வண்டியை ஒரு விரலால் ஓட்டியது ஞாபகம் வந்தது. மாடவீதியில் யு திருப்பம் எடுக்கும்போது, 25 அடி வட்டத்தில் திரும்புகிற வண்டி என்று பெருமையாகச் சொல்வார்.

அப்புறம் முட்டுக்காடு. அதே வளைவு, 50-இல் எடுத்தேன். மறுபடி வந்து 60. நடு வளைவில் வேண்டுமென்றே மெதுவாகக் காலைத் தளர்த்தினேன். பின்னால் யாரும் வரவில்லை, பார்த்துவிட்டுத்தான். மூக்கு கொஞ்சம் உள்ளே இழுத்தது, அவ்வளவுதான். பின்பக்கம் தரையிலேயே இருந்தது. நிறுத்தி இறங்கி முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தேன். நேராக நின்றன.

இன்னும் ஒரே ஒரு சத்தம். இடது முன்பக்கம், ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது மட்டும் ஒரு ‘டக்’. மேல் பால் ஜாயின்ட்டா, ஷாக்கின் மேல் புஷ்ஷா?

கிண்டி எஸ்டேட்

இறங்கும்போது மட்டும் என்றால் முதலில் ஷாக் மேல் நட்டைப் பாருங்கள். பானட்டைத் திறந்தால் டவர் உச்சியில் கண்ணெதிரே இருக்கும். உதவிக்கு ஒருவர் முன்பக்கத்தை அமுக்கி விடட்டும், நீங்கள் நட்டின்மேல் விரல் வையுங்கள். சத்தம் விரலில் தெரிந்தால் அதுதான். தெரியாவிட்டால் சனிக்கிழமை மாலை பட்டறைக்கு எடுத்து வாருங்கள், ஜாக்கி போட்டுப் பார்த்துவிடலாம்.

அடையாறு69

ஷாக் மேல் நட்டுதான். முக்கால் சுற்று இறுகியது. சத்தம் போய்விட்டது. நாளைக்கு அம்மாவை மருந்தீஸ்வரர் கோயிலுக்கு இதில்தான் கூட்டிப் போகிறேன்.